பதினொன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில்

நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர்களுக்கு,



மூன்று வாரங்களுக்கு முன் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த நேரம். வண்டி நிறுத்துமிடத்தில் உங்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பேசலாமே என்றேன், வேண்டாம் என்று தலையாட்டினார். "உங்க பொண்ணுக்குச் சாப்பாட்டு விஷயத்துல ஏதோ பிரச்சினை இருந்துச்சுன்னு கேள்விப்பட்டேன்க்கா. எங்க வீட்லயும்..." என்று தொடங்கியவருக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவர் யாரென்று ஊகிக்க முயலாதீர்கள். தப்பாகத்தான் ஊகிப்பீர்கள். இதே இடத்தில், இதே கேள்வியோடு என்னிடம் வந்த மூன்றாவது ஆள் அவர். முதல் ஆள் ஓர் அப்பா.

மூன்று பேரிடமும் குளிரில் நடுங்கிக்கொண்டு அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். என் மகளுக்கு இப்போது 17 வயது. அவள் படித்துப் பார்த்துச் சம்மதம் தந்த பிறகே இது உங்கள் கைக்கு வருகிறது.

அவளுக்கு 13 நடக்கும்போது அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தோம். ஆடையைச் சென்னையில் தைக்கக் கொடுக்க அளவெடுத்தபோது, முந்தைய ஆண்டைவிட இடுப்பு இரண்டு அங்குலம் கூடியிருந்தது. அந்த வயதில் கூடாமல் என்ன செய்யும்? ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே சட்டம் போட்டேன்: காலையில் ஓட்ஸ், மதியம் சாலட், ராத்திரி எண்ணெய் விடாத சப்பாத்தி இரண்டு. சோறு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அவள் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டாள். என்ன பொறுப்பான பிள்ளை என்று உங்களில் பலரிடமே பெருமையடித்திருக்கிறேன்.

அந்தத் தீபாவளிக்கு என் மாமியார் இங்கே இருந்தார். ஒரு பெரிய சம்படம் நிறைய அதிரசம் சுட்டு வைத்தார். நான்காம் நாள் சம்படத்தைக் காணோம். மகளின் துணி அலமாரியில், நாட்டிய நகைப்பெட்டிக்குப் பின்னால் கிடைத்தது, காலியாக. பக்கத்தில் பள்ளி வாத்தியக் குழுவுக்கு நிதி திரட்ட விற்கக் கொடுத்திருந்த சாக்லேட்டுகளின் காகிதங்கள். கரண்டி குத்தி நின்ற வேர்க்கடலை வெண்ணெய் ஜாடி.

"இவ்வளவையும் நீயா தின்னே?" என்றேன்.

அந்த நாட்களில் உனக்கு எது ஞாபகம் இருக்கிறது என்று போன மாதம் கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இருப்பது அந்த வினைச்சொல். "தினமும் சாப்பிட்டியான்னுதான் கேப்பே. அன்னைக்கு மட்டும் தின்னியான்னு கேட்டே." நம் பள்ளியில் எட்டு வருடம் படித்த பிள்ளை. உண்பதற்கும் தின்பதற்கும் என்ன வித்தியாசம் என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்.

நான் அதைத் திருட்டு என்று நினைத்தேன். பிறகு திமிர் என்று நினைத்தேன். சமையலறை அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன். என் கணவர் "வளர்ற பிள்ளை, பசிக்கும், விடு" என்றார். ஊரிலிருந்து வீடியோவில் பார்த்த உறவுக்காரர் ஒருவர், "என்னடி, நல்லாப் பூசிட்டியே" என்று வாய் நிறையச் சிரித்தார். அன்று இரவும் அலமாரிக்குப் பின்னால் காகிதங்கள் கிடந்தன. இப்படியே ஏழு மாதம் போயிற்று. ஆண்டுப் பரிசோதனைக்குப் போனபோது குழந்தை மருத்துவர் அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்ட பிறகுதான் இதற்கு ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரிந்தது. இங்கே பிஞ்ச் ஈட்டிங் என்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்குள் கட்டு மீறிச் சாப்பிடுவது, நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, பிறகு வெட்கத்தில் குமைவது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றதே 2013-இல்தான். "நாலாவது அதிரசத்துக்கு மேல ருசியே தெரியாதும்மா, கை மட்டும் போகும்" என்று மகள் பிறகு சொன்னாள். எந்தக் கையேட்டு வரையறையையும்விட எனக்கு இது தெளிவாக இருந்தது.

பெயர் தெரிந்ததும் யார் குற்றம் என்று தேடத் தொடங்கினேன். நீங்களும் தேடுவீர்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். உணவுக் கோளாறுகளின் சரித்திரத்தில் குற்றவாளிக் கூண்டு காலியாக இருந்ததே இல்லை, அதில் பெரும்பாலும் நின்றவள் அம்மா. லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் 1870-களில் பட்டினி கிடந்து மெலியும் பெண்களின் நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்தபோதே, நோயாளியைப் பார்த்துக்கொள்ளச் சொந்தக்காரர்கள் லாயக்கில்லை என்று எழுதினார். நூறு வருடம் கழித்து, 1978-இல் ஹூஸ்டனில் இருந்த ஹில்டே புரூக் 'தங்கக் கூண்டு' என்ற பொருள்படும் தலைப்பில் எழுதிய புத்தகம் உலகமெங்கும் படிக்கப்பட்டது. நோயாளிப் பெண்களின் தவிப்பைப் பரிவோடு கேட்டவர் அவர், அதை மறுக்க மாட்டேன். ஆனால் குழந்தையின் பசியையும் உணர்வையும் அம்மா சரியாகப் படிக்கத் தவறியதில்தான் நோயின் வேர் இருக்கிறது என்ற எண்ணத்தை வலுவாக ஊன்றியவரும் அவரே. அந்தப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்து இரண்டு ராத்திரியில் படித்தேன். மூன்றாவது ராத்திரி அழுதேன்.

அதன் பிறகு கண்ணில் பட்ட பெயர் கெல்லி கிளம்ப். நாம் இருக்கும் நோவையிலிருந்து ஐ-96 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனால் ஈஸ்ட் லான்சிங். அங்கே மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவர் உளவியல் பேராசிரியர். உங்களில் எத்தனை பேர் அந்த வளாகத்தில் படித்தவர்கள், எத்தனை பேர் கால்பந்து பார்க்கப் போகிறவர்கள்! அங்கேதான் அவரும் அலெக்சாண்ட்ரா பர்ட் என்ற இன்னொரு பேராசிரியரும் ஆயிரக்கணக்கான இரட்டையர்களைப் பதிவு செய்து வைத்து ஆராய்கிறார்கள். வளரிளம் பெண்களிடம் உணவுக் கோளாறு ஏன் அந்த வயதில் கிளம்புகிறது, அதில் உடம்பின் பங்கு என்ன என்பதே கிளம்ப்பின் வாழ்நாள் கேள்வி.

இரட்டையர் எதற்கு என்று கேட்பீர்கள். நான் மென்பொருள் சோதனை வேலையில் இருப்பவள். ஒன்றை மாற்றாமல் வைத்து இன்னொன்றை மாற்றிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இந்த முறை எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் கிட்டத்தட்ட முழுக்க ஒன்று. இரண்டு கருவாக உருவான இரட்டையர் சாதாரண அக்கா தங்கைபோல, பாதிதான் பொது. இரு வகையினரும் வளர்வது ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே அம்மா. அப்படியிருக்க, ஓர் இயல்பில் முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட ஒருவரையொருவர் மிக அதிகமாக ஒத்திருந்தால், அந்த வித்தியாசத்துக்கு மரபணுவே காரணமாக இருக்க வேண்டும்.

கிளம்ப் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அங்கே பல வருடங்களாகப் பின்தொடரப்பட்ட பெண் இரட்டையர்களை அவரும் கூட்டாளிகளும் 11, 14, 18 வயதுகளில் பார்த்தார்கள். உடல் எடையைப் பற்றிய ஓயாத கவலை, கட்டு மீறிய உணவு, அதைச் சரிக்கட்டச் செய்யும் விபரீதங்கள் எல்லாம் சேர்ந்த கோளாறான உணவுப் போக்கில், பெண்ணுக்குப் பெண் காணும் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு எவ்வளவு? 11 வயதில் 6 சதவீதம். 14 வயதில் 46. 18 வயதிலும் 46. இந்த ஆய்வு வெளியானது 2007-இல். வீட்டுச் சூழலின் பங்கு இதற்கு நேர்மாறாக வயது ஏற ஏறச் சுருங்கியது.

6-லிருந்து 46. முதலில் எழுத்துப் பிழை என்றே நினைத்தேன். மரபணு பிறவியிலேயே உள்ளது, மூன்று வருடத்தில் எங்கிருந்து வந்து குதிக்கும்? அதற்கு முந்தைய ஓர் ஆய்வில் விடையின் நுனி இருக்கிறது. 11 வயதுப் பெண்களையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள்: உடம்பில் பூப்பின் மாற்றங்கள் தொடங்கியவர்கள், இன்னும் தொடங்காதவர்கள். தொடங்காதவர்களிடம் மரபணுவின் பங்கு ஏறத்தாழ பூஜ்யம். தொடங்கியவர்களிடமோ பாதிக்குமேல், 17 வயதுப் பெண்களிடம் உள்ள அளவேதான். வகுப்பு ஒன்று, வயதும் ஒன்று. ஆனால் ஒருத்தியின் உடம்பில் விளக்கு போட்டாயிற்று, மற்றவள் உடம்பில் இன்னும் போடவில்லை.

அந்த விளக்கைப் போடும் கை சினைப்பை ஹார்மோன்களுடையது என்பது கிளம்ப்பின் கருத்து. ஈஸ்ட்ரோஜன் இடுப்பை அகலமாக்கிவிட்டு ஓய்கிற சரக்கு அல்ல. செல்லுக்குள் நுழைந்து, எந்த மரபணுவைத் திற, எதை மூடு என்று உத்தரவு போடும். மூளையில் பசியையும் மனநிலையையும் சுவைநாட்டத்தையும் கவனிக்கும் பகுதிகளிலும் அதற்கு வாசல் உண்டு. இதைச் சோதிக்க அவருடைய குழு இளம்பெண் இரட்டையர்களிடம் 45 நாள் தொடர்ந்து எச்சில் மாதிரி வாங்கியது. அதே 45 நாளும் அன்றைய மனநிலையையும், மனக்கலக்கத்தில் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதையும் எழுதித் தரச் சொன்னது. சினைமுட்டை வெளிப்பட்ட பிறகு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில், அந்த வகைச் சாப்பாடு ஏறுகிறது. என் மகளின் மருத்துவர் வைத்துக்கொள்ளச் சொன்ன குறிப்பேட்டிலும் மோசமான நாட்கள் அங்கேதான் கூடிக் கிடந்தன. நானே தேதி போட்டு எண்ணினேன்.

எலிகளை விட்டுவிட மனமில்லை. எல்லாவற்றுக்கும் இன்ஸ்டாகிராமைக் காரணம் சொல்கிறோம் இல்லையா, எலிக்கு இன்ஸ்டாகிராம் இல்லை. கூண்டு எலிகளுக்கு விட்டுவிட்டு வெனிலா ஐசிங் கொடுத்துப் பார்த்தார்கள். சில எலிகள் நக்கிவிட்டுப் போகும், சில எலிகள் வளைத்துக் கட்டும். வளைத்துக் கட்டுவதில் பெண் எலிகள் ஆண் எலிகளைவிட 2 முதல் 6 மடங்கு அதிகம். பெண் எலிகளிலும் யார் எந்தக் கட்சி என்பது குட்டிப் பருவத்தில் தெரியாது, பூப்புப் பருவத்தில்தான் பிரிகிறது. இவற்றுக்கு அரங்கேற்றமும் இல்லை, அளவெடுக்கும் அம்மாவும் இல்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு விடுதலை கிடைத்ததுபோல இருந்தது. அனோரெக்சியாவைப் பற்றியும் தேடிப் பிடித்தேன். வட கரோலினாவின் சிந்தியா புலிக் முன்னின்று, பல நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து 16,992 நோயாளிகளின் மரபணுக்களை அலசி 2019-இல் வெளியிட்டதில், மரபணுத் தொகுதியில் 8 இடங்கள் அந்த நோயோடு தொடர்புள்ளவையாகத் தெரிந்தன. மனநோய்களோடு மட்டுமல்லாமல், உடம்பு சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் விதத்தோடும் அந்நோய்க்கு மரபணு உறவு இருப்பதும் தெரிந்தது. மகளைக் கூப்பிட்டு, "பாத்தியா, இது உன் தப்பும் இல்லே, என் தப்பும் இல்லே, ஜீன்ல இருக்கு" என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப இது போகவே போகாதா?" என்றாள்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான். எனக்கு விடுதலைத் தீர்ப்பாகப் பட்ட அதே செய்தி, அவள் காதில் ஆயுள் தண்டனையாக விழுந்தது. நாளைக்கு நீங்களும் உங்கள் பிள்ளையிடம் சொல்வீர்கள், அதனால் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் நான் சறுக்கிய இடத்தைக் காட்டிவைக்கிறேன். பிறகு அவளோடு உட்கார்ந்து அந்த எண்களையே மறுபடி படித்தோம். 46 என்பது அவளுடைய நோயில் 46 சதவீதம் மரபணு என்ற கணக்கே அல்ல. அது ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டின் கணக்கு. தனி ஒருத்தியின் தலையெழுத்தை அது சொல்லாது. அதைவிட முக்கியம், அந்த எண் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 11 வயதில் வாயே திறக்காத மரபணு 14-இல் பேசுகிறதென்றால், சூழ்நிலையைப் பார்த்துப் பேசும் மரபணு அது. அவள் யோசித்துவிட்டு, "அப்ப அதுக்கும் மூட் இருக்கு" என்றாள். முனைவர் பட்டத்துக்கு ஒப்பான வாக்கியம் என்று நான் சொன்னதை அவள் அடித்துவிட்டாள், நான் மறுபடி சேர்த்திருக்கிறேன்.

என் விடுதலைத் தீர்ப்பும் முழுதாக நிலைக்கவில்லை. அதே மினசோட்டா பல்கலைக்கழகத்தில், இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். போருக்குப் போக மறுத்த, உடம்பும் மனமும் திடமான ஆண்கள். ஆறு மாதம் அவர்கள் சாப்பாட்டை ஏறக்குறையப் பாதியாக்கினார். பேச்செல்லாம் சாப்பாடு, கனவெல்லாம் சாப்பாடு, சமையல் புத்தகம் சேர்க்கிற பழக்கம் என்று ஆனார்கள். கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் சிலர் வயிறு வெடிக்கிற அளவு சாப்பிட்டும் அடங்காமல் தவித்தார்கள். திடமான ஆண்களுக்கே அந்தக் கதி. விளக்கு போட்ட வயதில், ஒருவேளை பரம்பரையிலும் அந்த வாட்டம் இருந்த ஒரு பெண்ணுக்குச் சோற்றை நிறுத்தியவள் நான். நோயை நான் உண்டாக்கவில்லை. ஆனால் காய்ந்த விறகுக்குப் பக்கத்தில் தீக்குச்சியை வைத்தேன், அதை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கடிதம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சிகிச்சையில் முதல் வேலை என்ன தெரியுமா? சோறு திரும்பி வந்தது. மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு தடவை ஏதாவது, நீண்ட இடைவெளி கூடாது. அவள் குண்டாகிவிடுவாள் என்று பயந்து மருத்துவரிடம் சண்டை போட்டேன். பூட்டை எடுக்கச் சொன்னபோது இன்னும் பெரிய சண்டை. ஒரு மாதத்தில் காகிதங்கள் குறைந்தன. ஒரேயடியாக நிற்கவில்லை. ஒன்றரை வருடம் ஆயிற்று, நடுவில் இரண்டு முறை சறுக்கியது.

நம் வழக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண் வயதுக்கு வந்தால் கூட்டம் கூட்டி மஞ்சள் நீராட்டுகிறோம். ஊரில் எங்கள் அத்தைகள் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து திணித்தார்கள். இங்கே வாடகை மண்டபத்தில் அதையே கேக்கோடு செய்கிறோம். அறிவியல் விரல் வைத்துக் காட்டும் அதே தருணத்தில் நாம் சாப்பாடு ஊட்டுகிறோம் என்பது எனக்கு வேடிக்கையாகவும் நெகிழ்ச்சியாகவும் இருக்கிறது. (முன்னோர்கள் அன்றே அறிந்திருந்தார்கள் என்று குழுவில் போட்டுவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை.) எனக்கு உறுத்துவது விழா முடிந்த மறுநாள். நேற்று களி ஊட்டிய அதே வாய், இன்று "இனிமே கொஞ்சம் வாயைக் கட்டு" என்கிறது.

நம் ஆட்கள் நலம் விசாரிப்பதே உடம்பில்தான் தொடங்குகிறது. இளைச்சிட்டே, கறுத்துட்டே, பூசிட்டே. பாசத்தில் கேட்பதுதான், தெரியும். பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் மட்டும் அதை விட்டுவிடுங்கள். வேறு எதையாவது கேளுங்கள், என்ன படிக்கிறாய், யாரோடு சண்டை என்று. சம்படம் காணாமல் போனால், குளியலறைக் குழாய் சாப்பாட்டுக்குப் பிறகு நெடுநேரம் ஓடினால், மாதவிடாய் நின்றுபோனால், திட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அனோரெக்சியா உயிரை எடுக்கும் நோய், அதில் காத்திருக்கவே கூடாது. பையன்களைப் பெற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போக வேண்டாம். அந்த இரட்டையர் ஆய்வுகளில் பையன்களிடம் பூப்பை ஒட்டிய அந்தத் தாவல் தெரியவில்லை, மரபணுவின் பங்கு முன்பும் பின்பும் ஒரே அளவாகப் பாதியளவு இருந்தது. அவர்களுக்கு வராது என்று யாரும் சொல்லவில்லை. முதலில் என்னிடம் வந்த அந்த அப்பாவுக்கு ஒரே மகன்.

2009-இல் உணவுக் கோளாறுகளுக்கான சர்வதேச அமைப்பு இவை தீவிரமான மனநோய்கள், உடலியல் அடிப்படை உள்ளவை, மற்ற மனநோய்களுக்கு இணையான சிகிச்சையும் காப்பீடும் தேவை என்று அறிக்கை விட்டது. அதை எழுதியவர்களில் முதல் பெயர் கிளம்ப். அடுத்த ஆண்டு அதே அமைப்பு, குடும்பமே முதன்மைக் காரணம் என்ற பழைய வாதத்தைத் தள்ளிவைத்தது. காப்பீட்டு நிறுவனத்தோடு எனக்கு நடந்த தொலைபேசிக் குருக்ஷேத்திரத்தைக் கேட்க விரும்புகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், எந்த வார்த்தை வேலை செய்கிறது என்று சொல்கிறேன்.

அரங்கேற்றம் நடக்கவில்லை. அவள் இப்போது நடன வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டுக்கழி தட்டுகிறாள். இனி மேடையேறுவாளா என்று நான் கேட்பதில்லை. இந்தக் கடிதத்தில் இரண்டு பத்திகளை அவள் அடித்தாள். ஒன்றில் அவளுடைய எடை இருந்தது. இன்னொன்றில் நான் எப்படியெல்லாம் அழுதேன் என்று விரிவாக எழுதியிருந்தேன். "அது உன் கதைம்மா, தனியா எழுதிக்கோ" என்றாள்.

பேச நினைப்பவர்கள் இனி வண்டி நிறுத்துமிடத்தில் நிற்க வேண்டாம். வரும் சனிக்கிழமை முதல் வகுப்பு நேரத்தில் நூலக அறையில் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஹீட்டர் ஓடுகிறது. ஃபிளாஸ்கில் காபி கொண்டுவருகிறேன், சர்க்கரை வேண்டுமா என்று மட்டும்தான் கேட்பேன்.

அன்புடன்,
ஐந்தாம் நிலை மாணவியின் அம்மாவாக உங்களுக்கு அறிமுகமானவள்